ஒன்பதாவது கணக்கு

கேகாலைச் சிங்கள டியூஷன் கிளாஸின் கடைசி வாங்கில் உட்கார்ந்து, கரும்பலகையில் இருந்ததையெல்லாம் கொப்பியில் ஏற்றிக்கொண்டிருந்தாள் இந்திராணி.

முன்னால் நாற்பது பிள்ளைகள். எல்லோருக்கும் அவள் மகள் கோகிலாவின் வயது.

கோகிலாவுக்கு உடம்பெல்லாம் கொப்புளம்; அம்மா போட்டிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை லயத்து அறையை விட்டு வெளியே வரக்கூடாது. அம்மா போட்ட வீட்டுக்குக் கொப்பி கொண்டுவந்து கொடுக்கவும் யாரும் துணிய மாட்டார்கள். உயர்தரப் பரீட்சைக்கு இருப்பதோ மூன்று வாரம். தொகையீட்டுக் கணக்குக்கு இதுதான் கடைசிக் கிளாஸ். இதை விட்டால் கம்பஸ் போகும் கனவில் மண்தான் என்று பிள்ளை அழுதாள்.

அதனால் அன்றைக்கு ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகாமல், ருவான்வெல்லையில் பஸ் ஏறி வந்து, கணக்குச் சேரிடம் மகளின் பெயரைச் சொல்லி இடம் கேட்டுக்கொண்டாள்.

முன் வாங்குப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். மரத்தில் காயம் படாமல் பட்டை சீவுகிற கைக்கு நாலு நெளிந்த கோடு ஒரு பெரிய காரியமா?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொரு கணக்கும் ஒரு நீளக் கொக்கியில் தொடங்கியது. முடிகிற இடத்தில் ஒரு பிறை.

ஒன்பதாவது கணக்கில் பிறை வரவில்லை.

சேர் சோக்கைக் கீழே வைத்தார். பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார்கள்.

இந்திராணி கொப்பியையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிழையாகக் கொண்டுபோய்க் கொடுக்கவா இவ்வளவு தூரம் வந்தாள்? வந்தது வரட்டும் என்று எழுந்து நின்றாள்.

“சேர், மத்தக் கணக்குக்கெல்லாம் கடைசியில பிறை போட்டீங்க. இதுக்குப் போடலைங்களே,” என்று சிங்களத்தில் கேட்டாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

சேர் சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். விட்டுப்போன மாறிலி C-ஐப் போட்டுவிட்டு, இதை மறந்தால் பரீட்சையில் புள்ளி போகும், நாற்பது பேரில் ஒருவருக்காவது கண் தெரிந்ததா என்று பிள்ளைகளைக் கடிந்துகொண்டார்.

மாறிலி என்றால் என்னவென்று இந்திராணிக்குத் தெரியாது. கொப்பியில் பிறையைப் போட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கிளாஸ் முடிந்ததும் சேரே வரவுப் புத்தகத்தோடு அவளிடம் வந்தார். கோகிலாவின் பெயருக்கு நேரே அவளையே கையெழுத்து வைக்கச் சொன்னார்.

இந்திராணி பேனாவை மூடினாள். மை இருக்கிறதா என்று கேட்டு, இடது பெருவிரலை நீட்டினாள்.