மாமா சொன்ன யோசனை

சண்முகலிங்கம் காலையிலிருந்து நடந்த நடையில் ரூஜ் பகுதியில் இருந்த வீட்டுக் கம்பளத்துக்கு வழுக்கையே விழுந்துவிட்டது. தங்கை மகள் சுபாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறாள். எஸ்.ஏ.ரி. என்னும் நுழைவுத் தேர்வில் எடுத்த புள்ளியை விரும்பினால் அனுப்பலாம், இல்லாவிட்டால் விடலாம்.

“மாமா, 1600க்கு 1520. அனுப்பட்டே?”

“ஐயோ வேண்டாம் பிள்ளை! அங்கை வாசல் காவல்காரனே அதைவிடக் கூட எடுத்திருப்பான்!”

“அம்மா அனுப்பச் சொல்லுறா.”

“கொம்மாவுக்கு என்ன தெரியும்? உன்ரை கெட்டித்தனத்துக்குப் புள்ளி பாக்காமலே எடுப்பாங்கள்.”

“ஷுவரா மாமா?”

“சத்தியமா!”

அவள் புள்ளி இல்லாமலே விண்ணப்பத்தை அனுப்பினாள். அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பேஸ்மென்டுக்கு இறங்கினார். கதவைப் பூட்டினார். அதே பல்கலைக்கழகத்துக்கான தம் விண்ணப்பத்தைத் திறந்தார்.

“ஒரு வீட்டிலை ரெண்டு பேரை எடுக்கமாட்டாங்கள்” என்று முணுமுணுத்தபடி, அறுபத்தேழு வயதில் தாம் எடுத்த 1480 புள்ளியை அனுப்பினார்.