பூ ஒட்டிய தங்கச்சி

குளியலறைத் தண்ணீர் வந்து விழும் இடத்தில் ஒரு செம்பருத்திச் செடி நின்றது. பவானி அதன் இலையை அரைத்துத்தான் தலைக்குத் தேய்ப்பாள். கடை ஷாம்பு என்றால் அவளுக்குப் பயம். "அதுல என்னென்ன ரசாயனமோ!" என்பாள்.

ஒருநாள் குளியலறை ஜன்னலில் ஒரு பச்சை ஷாம்பு பாட்டில் வந்து உட்கார்ந்தது. அதன் வயிற்றில் ஒரு செம்பருத்திப் பூ. பூவுக்கு மேலே 'முழுக்க இயற்கை' என்ற எழுத்து.

"அக்கா, இந்தப் பூவைப் பாரு, உன் மூஞ்சியேதான். நான் உன் தங்கச்சி," என்றது பாட்டில். "இனிமே உன் இலையை யாரும் கிள்ளமாட்டாங்க."

செடிக்குச் சந்தோஷம் தாளவில்லை. நட்ட நாளிலிருந்து அது தனியாகவே நின்றிருந்தது.

ஒரு மாதம் போயிற்று. நுரைத் தண்ணீரைக் குடித்துக் குடித்து இலைகள் மஞ்சளாயின. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன.

"தங்கச்சி, உனக்குள்ள என்னதான்டி இருக்கு?"

"தெரியலக்கா. என்னை நிரப்பி மூடின பிறகுதான் பூவை ஒட்டினாங்க. முதுகுல ஏதோ பொடி எழுத்து இருக்கு. என்னால திரும்பிப் பார்க்க முடியல. என்னை வாங்கிட்டு வந்த பவானியம்மாவும் திருப்பிப் பார்த்ததில்ல."

அன்று தலைக்குக் குளித்துவிட்டு வந்த பவானி செடியைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

"ஐயோ, இப்படி வாடிட்டியே! தண்ணி பத்தலையா?"

உள்ளே போய், தேங்கிக் கிடந்த நுரைத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் துடைப்பத்தால் செடிப்பக்கம் தள்ளிவிட்டாள்.

செடிக்குத் தாகமாகத்தான் இருந்தது. குடித்தது.