பொத்துவிலில் ஒதுங்கிய பிள்ளை

வருஷா வருஷம் ஆகஸ்ட் மாதம் வாப்பா பதுளைக் கடையைப் பூட்டிவிட்டு எங்களைப் பொத்துவில் கடலுக்குக் கூட்டிப்போவார். 1968இல் தங்கச்சி லரீபாவை அலை இழுத்தது. வாப்பா பாய்ந்து தூக்கி வந்தார்.

வீடு திரும்பிய பின், சாப்பிடும்போதெல்லாம் அவள் வாயிலிருந்து ஈர மணல் கொட்டியது. மேலெல்லாம் அழுகிய மீன் நாற்றம். எத்தனை தடவை குளிப்பாட்டியும் போகவில்லை. அவளோடு ஒரே பாயில் படுக்காமல் நான் தனிப்பாய் விரித்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் பொத்துவிலிலிருந்து தந்தி வந்தது. கரையில் ஒரு பெண்பிள்ளையின் மையித்து ஒதுங்கியிருக்கிறதாம். வாப்பா போய்ப் பார்த்து, அடக்கிவிட்டு வந்தார்.

"யாரு வாப்பா அந்தப் புள்ள?" என்று கேட்டேன்.

"நம்ம லரீபா."

உம்மா ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மடியிலிருந்த லரீபாவுக்கு அடுத்த பிடி சோற்றை ஊட்டினாள்.