திரும்பிய நேரம்

அந்த மலைக்கிராமத்தில் நடைபாதை தொடங்கும் இடத்தில் ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. ஏறுகிறவர்கள் பெயர் எழுதுவார்கள். இறங்கியதும் திரும்பிய நேரத்தைக் குறிப்பார்கள். நேரம் குறிக்காதவர்களைத்தான் தேடிப் போவார்கள்.

போன வருடம் மெல்பேர்னிலிருந்து இரண்டு காரில் போன ஆறு பேருக்கும் அவர்களில் ஒருவனான கஜீவன்தான் திரும்பிய நேரம் குறித்தான். கூட வந்த பொனிபஸ் அங்கிள் மற்றக் காரில் இருப்பார் என்று நினைத்தான். மற்றக் காரிலும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர் மலையிலிருந்து இறங்கவேயில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகே தெரிந்தது. அதற்குள் மலையில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. அவர் கிடைக்கவேயில்லை.

“இறங்கிவந்து தன்ரை கையாலைதான் எழுதினவர்” என்று அவர் மனைவி மாக்கிறேட் அன்ரியிடம் கஜீவன் சொல்லிவிட்டான். அன்ரி இன்றுவரை அதை நம்புகிறார்.

அங்கிள் கடைசியாகப் படம் எடுத்த பாறையில் மெழுகுதிரி கொளுத்த இன்று அன்ரியையும் கூட்டிவந்திருந்தான். முழங்கால் ஏலாததால் அவர் காரிலேயே இருந்தார்.

“கெதியா வந்திடுவியே தம்பி?”

“ஓம் அன்ரி, போயிட்டு வாறன்.” அவர் முகத்தை அவன் பார்க்கவில்லை.

புத்தகத்தைத் திறந்தான். இன்றைய தேதியில் ஒரே ஒரு வரி இருந்தது. கஜீவன், ஒருவர், திரும்பிய நேரம் மாலை மூன்றரை. அது பொனிபஸ் அங்கிளின் சாய்ந்த கையெழுத்து. அப்போது காலை பத்து மணி.

அந்த வரியை வெட்டிவிடப் பேனாவை எடுத்தவன் வெட்டாமலே புத்தகத்தை மூடி வைத்தான். மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு ஏறத் தொடங்கினான்.