யார் முதலில் இளைப்பது

“காசு கட்டிப் பட்டினி கிடக்கிறது நல்லதா, ஓசியில கிடக்கிறது நல்லதா?” என்று கணவன் ஒருநாள் மனைவியைக் கேட்டான்.

“உங்க அக்காவையே கேளுங்க. டயட் கம்பெனிக்குப் பணத்தைக் கொட்டிப் பவுடர் கரைச்சுக் குடிக்கிறது அவங்கதான்.”

“நீ மட்டும் என்னவாம்? ஒரு வாய் முழுங்குறதுக்குள்ள போன்ல கலோரிக் கணக்கு ஏத்துற!” என்று சிரித்தாள் நாத்தனார்.

“என் ஆப் இலவசம், அண்ணி. நான்தான் முதல்ல இளைப்பேன்.”

“பார்க்கலாம்டி!”

“இந்த வயசுல அழகிப் போட்டி,” என்றான் சோபாவில் படுத்திருந்த கணவன்.

சில மாதங்கள் கழித்து மருத்துவர் மூவரையும் அழைத்தார். ஸ்கேன் படங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“நம்பவே முடியல. கல்லீரல்ல கொழுப்பு இருக்குன்னு உங்க ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பினேன். இப்போ ரெண்டு பேருதும் சுத்தமா இருக்கு, இவருக்குப் பொருந்துது. யார் கல்லீரல்ல ஒரு பங்கு குடுக்கப் போறீங்க?”

“நான்தான்!” இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

“நீ பிள்ளைக்காரி, உட்காருடி.”

“என் புருஷன், அண்ணி.”

“அதுக்கு முன்னாடியே எனக்குத் தம்பிடி.”

தனக்குக் கல்லீரல் தர ஆளே இல்லை என்று நம்பியிருந்தவன், இருவரையும் பிரமித்துப் பார்த்தான். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.