பன்னிரண்டு தடவை

பட்டறை முதலாளியம்மாவின் மேசையில் ஒரு மொட்டைக் கடிதம். கம்ப்யூட்டரில் அடித்தது. பக்கம் முழுக்க அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தது.

"சந்தேகமே வேணாம்மா, வெல்டர்தான்" என்றார் மேனேஜர். "வாயைத் திறந்தாலே சாக்கடை. மூளை மட்டு, அதான் அவனுக்கு வேற வார்த்தை வர்றதில்ல. நான் பொறந்ததுலேர்ந்து ஒரு கெட்ட வார்த்தை பேசியிருப்பேனா? இன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடுங்க."

வெல்டரை வரச் சொன்னார்கள். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கடிதத்தை நீட்டினார்.

வெல்டர் இரண்டு தரம் படித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"நான் எழுதலம்மா. மொத்தமே மூணு வசவு, அதுலயும் முதல் வசவு மட்டும் பன்னெண்டு தடவை. நம்ம பட்டறையில ஒரு ஸ்க்ரூ கீழ விழுந்தாலே ஆளாளுக்குப் பத்து வரும், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. இது திட்டிப் பழக்கமே இல்லாத யாரோ எழுதினது."

அம்மாவின் பார்வை மெல்ல மேனேஜர் பக்கம் திரும்பியது.

மேனேஜர் பாய்ந்து வெல்டரின் சட்டையைப் பிடித்தார். பிறந்ததிலிருந்து பேசாத வாயிலிருந்து ஒரு வசவு வந்து விழுந்தது.

வெல்டர் சட்டையை விடுவித்துக்கொண்டு சொன்னார்:

"பதிமூணு."