ஞாயிறு, ஐந்து பன்னிரண்டு

பேயாண்டியின் மஞ்சள் பையைத் தலைகீழாக உதறியதும், தூக்குவாளிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூடிரைவரும் விழுந்தது.

"பாத்தீங்களா மாமா!" என்றான் விஜய்ஆனந்த்.

"டார்ச் லைட்டு லூசாப் போச்சுய்யா. அத முடுக்கத்தான் வச்சிருக்கேன்," என்றார் பேயாண்டி.

பழங்காநத்தத்தில் சௌரிராஜன் அந்த ஸ்கேன் சென்டரைத் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. சனிக்கிழமை மாலை அணைத்துவிட்டுப் போன சர்வரைத் திங்கட்கிழமை காலை போட்டால், அது எழவே இல்லை. உள்ளே இருக்க வேண்டிய இரண்டு டிஸ்க்கும் இல்லை என்று திரை காட்டியது. மூன்று வருஷத்து நோயாளிகளின் படங்கள் மொத்தமும் அவற்றில்தான். நாளை ஆபரேஷன், பழைய படம் வேண்டும் என்று சோணையம்மாள் என்ற பெண் வெளியே காத்துக்கொண்டிருந்தாள்.

இரவுக் காவல் பேயாண்டிதான். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பூட்டிவிட்டு, சாவியைச் சௌரிராஜன் வீட்டில் கொடுத்துவிட்டு, உசிலம்பட்டி பஸ் ஏறிவிடுவார். ஞாயிறு முழுக்க சென்டர் பூட்டியே கிடக்கும்.

"மாட்டுத்தாவணிப் பக்கம் புது சென்டர் தெறக்கிறாங்கல்ல மாமா, அங்க கொண்டுபோய்க் குடுத்திருப்பாரு." விஜய்ஆனந்த், சௌரிராஜனின் அக்கா மகன். மாமா வீட்டிலேயே தங்கி, சென்டரின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன்.

"ஸ்டேஷனுக்குப் போனப் போட்ருவோம்," என்றார் சௌரிராஜன்.

"ஒரு நிமிஷம் சார்." சர்வர் விற்ற கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் மைத்ரேயி குறுக்கிட்டாள். "இதோட போர்டுல தனியா ஒரு குட்டிச் சிப்பு இருக்கு. மூடியத் தெறந்தா, சூடு ஏறினா, ஃபேன் நின்னா, எல்லாத்தையும் நேரத்தோட எழுதி வச்சுக்கும்."

"மிஷினே அணைஞ்சு கெடந்துச்சு மேடம். அணைஞ்ச மிஷின் எப்பிடி எழுதும்?" என்றான் விஜய்ஆனந்த்.

"பிளக்குல கரண்ட் இருந்தாப் போதும். அது தூங்காது."

அவள் தன் லேப்டாப்பைச் சர்வரோடு இணைத்தாள். திரையில் வரிகள் ஏறின. அவள் சத்தமாக வாசித்தாள்: "ஞாயிறு, அஞ்சு பன்னெண்டு, மூடி தெறந்திருக்கு. அஞ்சு முப்பத்தொண்ணு, மூடியாச்சு. ஒம்பது இருவது, ரூம் சூடு எல்லையத் தாண்டிருச்சு."

"அஞ்சு பன்னெண்டு!" விஜய்ஆனந்த் மேசையைத் தட்டினான். "விடியக் கருக்கல்ல உள்ள இருந்தது இவரு ஒருத்தருதான மாமா?"

சௌரிராஜன் காவல்காரரை வெறித்தார். "ஒம்பது வருஷமா ஒன்ன நம்பித்தான பேயாண்டி நான் வீட்டுல நிம்மதியாத் தூங்குனேன்?"

"நான் தொட்டிருந்தா என் கை வெளங்காதுய்யா." பேயாண்டி வாசற்படி ஓரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். "போலீஸு வந்து கூட்டிட்டுப் போனா, எம் மக மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

சௌரிராஜன் போனை எடுத்தார்.

மைத்ரேயியின் கண் மூன்றாவது வரியிலேயே நின்றிருந்தது. "சார், இந்த ரூமுக்குக் கிழக்க சன்னல் இருக்கா?"

"இல்லம்மா. மேற்க ஒண்ணுதான். மத்தியானத்துக்கு மேலதான் வெயிலே உள்ள வரும். ஏன்?"

"அப்ப காலைல ஒம்பது இருவதுக்கு எப்பிடி இம்புட்டு சூடு? போன ஞாயிறும் கிட்டத்தட்ட இதே நேரந்தான். அதுக்கு முந்தினதும் அப்பிடித்தான்."

அவள் எழுந்து போய்ச் சர்வரின் மூடியைக் கழற்றினாள். திரையில் புதிதாக ஒரு வரி வந்தது: திங்கள், நான்கு ஐம்பது, மூடி திறந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபது.

"உள்ள இருக்கிற கடிகாரம் கிரீன்விச் நேரத்துல ஓடுது சார். ஃபேக்டரில வச்சத யாரும் மாத்தலை. நம்ம நேரம் வேணும்னா அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும்."

சௌரிராஜன் மனதுக்குள் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை, பத்து நாற்பத்திரண்டு. அப்போது பேயாண்டி உசிலம்பட்டியில் இருந்திருப்பார்.

சாவி ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டது. பத்து மணிக்கு, ஏசி மெக்கானிக் வருகிறான் என்று கேட்கவும், அதைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. போனை மெல்ல வைத்தார்.

முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் வாசலை நோக்கி நகர்ந்தது. அவர் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்:

"பேயாண்டி அண்ணே... விஜய வெளிய விட்றாதீங்க."